ஒரே ஒரு துளை

மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் வீட்டில் சத்தம்தான் வரும். கூட்டுச் சேர்ந்தால் பொருள் காணாமல் போகும். போன வாரம் நம் டைம் கீப்பரின் கைக்கடிகாரம் காணாமல் போனது அப்படித்தான்.

பஸ் நிலையத்து டைம் கீப்பர் என்றால் ஏதோ நாற்காலி தேய்க்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். ஊதிவிட்டால் யாருக்காகவும் நிற்காது. ஒருமுறை அவருடைய சொந்த மச்சானே மூச்சிரைக்க ஓடி வந்தபோது, "அடுத்த வண்டியில வாங்க மாப்ள" என்று கையசைத்து அனுப்பியவர். மச்சான் இன்றுவரை அந்த வீட்டில் காபிகூடக் குடிப்பதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வாட்ச், வார் கிழிந்து, ரப்பர் பேண்டு சுற்றி, வலது கையில் தொங்கிக்கொண்டிருந்தது. புது வார் போடச் சொன்னால், "இதுவே போதும்" என்பார். மனைவிக்கும் பார்க்கச் சகிக்கவில்லை, வந்து மூன்று மாதமே ஆன மருமகளுக்கும் சகிக்கவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து இருவரும் வாட்சைக் கிளப்பிக்கொண்டு தோல் கடைக்குப் போய்விட்டார்கள். "சர்வீசுக்குக் கொடுத்திருக்கு" என்று வீட்டில் ஒரு பொய். பழைய வாரை மாமியார் அன்றே குப்பை வண்டியில் போட்டு, "தொலைஞ்சது சனியன்" என்று கையை உதறினார்.

மருமகளுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. அவள் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க யார் யாருடைய கையையோ காலையோ பிடித்து நீவி, மடக்கி, முனகுகிறவர்களைக்கூடச் சிரிக்க வைப்பவள். வீட்டில் மாமனாரிடம் மட்டும் அவள் ஜம்பம் பலிக்கவில்லை.

"காபி வேணுமா மாமா?"

"ம்."

"இன்னிக்கு மழை வருமா மாமா?"

"ம்."

அவள் கூடத்துக்குள் வந்தால் அவர் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துவிடுவார். கட்டட வேலைக்காக வெளியூர் போயிருக்கும் கணவன், "அப்பா எப்பவும் அப்படித்தான், மனசுல ஒண்ணும் கிடையாது" என்று போனில் சமாதானம் சொல்வான். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சமாதானம் சொல்வதற்கு என்ன!

மாமாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள். சொல்லி அழ ஆளில்லாத வருத்தம் அது. இந்தப் புது வாரைக் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்கும்மா" என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

வார் ஆர்டர் கொடுத்த அன்று நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய கூத்து புரியாது.

தோல் கடை ஒரு ஒடுக்கமான அறை. சுவரெல்லாம் பெல்ட். பசையும் மெழுகும் கலந்த வாசனை. கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, டாக்டர் மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்டார்.

"கை ரொம்ப வேர்க்குமா? மேஜையில முட்டி முட்டி வேலை செய்வாரா? எந்தக் கையில கட்டுவார்?"

"இடது கை" என்றார் மாமியார்.

"வலது கை" என்றாள் மருமகள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. கடைக்காரம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி இருவரையும் பார்த்தார்.

"அத்தை, தினமும் பார்க்கறேன். வலது கைதான்."

"ஏண்டி பொண்ணே, அவர் கையைப் பிடிச்சவ நானா, நீயா? கல்யாண போட்டோவுல பாரு, இடது கை. பையன் பொறந்தப்போ எடுத்த போட்டோவுல பாரு, இடது கை. என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா?"

மூன்று மாத அனுபவம் முப்பது வருஷத்தோடு மோதினால் எது ஜெயிக்கும்? மருமகள் வாயை மூடிக்கொண்டாள். மாமனார் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்த ஒரு மதியம், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய இடது மணிக்கட்டைத் தன் டேப்பால் அளந்து வந்து கொடுத்தாள்.

"எதுக்கும் அஞ்சாறு ஓட்டை போட்டுடறேன். வெயில் காலத்துல கை கொஞ்சம் உப்பும்" என்றார் கடைக்காரம்மா.

"வேண்டவே வேண்டாம். ஓட்டை ஓட்டையா இருந்தா சல்லடை மாதிரி இருக்கும். அளவுதான் எடுத்தாச்சே, ஒண்ணே ஒண்ணு போடுங்க. அவர் கை உப்பாது, இளைக்காது. அவர் மாறவே மாட்டார்" என்றார் மாமியார்.

உலகத்திலேயே ஒற்றைத் துளையோடு ஒரு வாட்ச் வார் உருவானது இப்படித்தான்.

*

இன்று காலை வார் தயாராகி வந்தது. அடர்ந்த பழுப்பு, ஓரத்தில் பிசிறில்லாத கைத்தையல். கொடுக்க இதைவிட நல்ல நாள் இல்லை. ஆஸ்பத்திரி வழியாக ஒரு பஸ் விட வேண்டும் என்று டைம் கீப்பர் பல வருஷங்களாக மேலிடத்தில் மன்றாடிக்கொண்டிருந்தார். அந்தப் பஸ்ஸின் முதல் பயணம் இன்று மாலை நாலு மணிக்கு. விசில் ஊதப் போவது அவர்தான்.

மதியம் சாப்பிட வந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில் மாமியார் ஒரு சின்ன டப்பாவை வைத்தார்.

"என்னது?"

"திறந்துதான் பாருங்களேன். கடிக்காது."

அவர் இடது கையால் மூடியைத் திறந்தார். வாரைத் தடவிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று சமையலறைக் கதவோரம் நின்ற மருமகளுக்கே தெரிந்தது.

அவர் வாட்சை வலது கையில் வைத்துச் சுற்றினார். துளை பக்கிள்வரை எட்டவில்லை.

"அது இடது கைக்குங்க! எத்தனை வருஷமா இடது கையில கட்டறீங்க, இன்னிக்கு என்ன புதுசா?" என்றார் மாமியார்.

அவர் இடது கைக்கு மாற்றினார். துளை சரியாகப் பக்கிளுக்கு நேராக வந்து நின்றது. கம்பியை அதில் நுழைக்க வேண்டியதுதான் பாக்கி. நுழையவில்லை. வார் வழுக்கியது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. வாட்ச் சாப்பாட்டு மேஜையில் விழுந்து ஓடியது.

"என்னங்க இது, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி கை நடுங்குது!" என்று மாமியார் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. வாட்சை டப்பாவில் வைத்து மூடினார்.

"எனக்கு இது வேண்டாம். பழைய வார் எங்கே?"

"குப்பையில போட்டாச்சு."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

அந்தக் குரலை மருமகள் கேட்டதே இல்லை. சாப்பாட்டைத் தொடாமலே எழுந்து, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

"போகட்டும்! நல்லதுக்குக் காலம் இல்லை" என்று மாமியார் தட்டை எடுத்தார். "நீ மனசுல வச்சுக்காதே. உன் மேல கோபம் இல்ல அவருக்கு."

"என் மேலதான் அத்தை. நான் கைவச்ச பொருள்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் மருமகள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைக்கும்போதுதான் அது உறைத்தது. கண்ணாடியில் தன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பார்த்தாள். பிரித்தாள், சேர்த்தாள்.

மாமாவுக்கு அந்த இரண்டு விரலும் சேரவில்லை.

வலது கைப் பிடியில் பலம் இல்லை. அதனால்தான் எப்போதோ வாட்சை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். அங்கே இருந்தால் இடது விரல்களால் மாட்டிக்கொள்ளலாம். கிழிந்து தளர்ந்த அந்தப் பழைய வார் ஒரு இழுப்பில் மாட்டும், ஒரு இழுப்பில் கழலும். டம்ளரை இடது கையால் எடுப்பது, தண்ணீரை உதறுகிற மாதிரி அடிக்கடி கையை உதறுவது, மேலே வீசும் தைல வாசனை, எந்நேரமும் பாக்கெட்டுக்குள் ஒளியும் அந்தக் கை! கிளினிக்கில் வேறு யாராவது இப்படி வந்து உட்கார்ந்திருந்தால் பெயர் கேட்பதற்கு முன்பே கண்டுபிடித்திருப்பாள். மாமனார் என்பதால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அத்தையிடம் சொல்லவில்லை. சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரையும் பயமுறுத்தக் கூடாது என்பது அவள் தொழில் பழக்கம். டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

*

"அளவு சரியில்லையா?" என்று கடைக்காரம்மா பதறினார்.

"அளவு கச்சிதம். பக்கிள்தான் வேற வேணும். கட்டை விரலே படாம மாட்டற மாதிரி."

"கட்டை விரல் இல்லாமலா? வாயாலயா மாட்டுவார்?"

மருமகள் செய்து காட்டினாள். வார் வளையல் மாதிரி முதலிலேயே கோத்திருக்க வேண்டும். கை உள்ளே போக வேண்டும். மடங்கும் பூட்டு ஒன்று, சும்மா எதன் மேலாவது அழுத்தினால் மூடிக்கொள்ள வேண்டும்.

கடைக்காரம்மாவுக்கு முதலில் ரோஷம் வந்தது. பித்தளைப் பக்கிளை மூன்று கடை ஏறித் தேடி எடுத்ததாகவும், இந்த மடக்குப் பூட்டு வந்தால் தன் தையல் மறைந்துவிடும் என்றும் புலம்பினார். புலம்பிக்கொண்டே இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடியும் எடுத்துவிட்டார். நல்ல வேலைக்காரர்களுக்கு வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

"துளையை ஒண்ணும் செய்யலைம்மா. அது அப்படியே இருக்கு" என்று கொடுக்கும்போது ஒரு பெருமூச்சு வேறு.

பஸ் நிலையத்தில் கூட்டம் தேர்வு மண்டபம் விட்ட மாதிரி இருந்தது. புது பஸ் பெயின்ட் வாசனையோடு நின்றது. ஏற வேண்டியவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட டைம் கீப்பர் அறை. உள்ளே ஒரு மேஜை, ஒரு மைக், சுவரில் பஸ் நேரப் பலகை. மாமனார் ஒரு டிரைவரின் போனை எட்டிப் பார்த்து மணி கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

டிரைவர் வெளியே போனதும் மருமகள் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். அவர் கை பாக்கெட்டுக்குள் போனது.

"ம்?"

அவள் வாட்சை மேஜைமேல் வைத்தாள்.

"மாமா, விரலால பிடிக்க வேண்டாம். இடது கையை உள்ள விட்டு, மேஜை மேல ஒரு அழுத்து அழுத்துங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று நேரப் பலகையைப் படித்தாள். தடுமாறுகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் வார் மேஜையில் உரசியது. பிறகு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

அவர் மைக்கை எடுத்து, குரலைச் செருமிக்கொண்டு, ஆஸ்பத்திரி வழி புது வண்டி இதோ கிளம்புகிறது என்று அறிவித்தார். மைக்கை வைத்தார். மணிக்கட்டைப் பார்த்தார். முள் சரியாக நாலைத் தொட்டதும் வாசலுக்கு வந்து விசில் ஊதினார். புது பஸ் குலுங்கி நகர்ந்தது. ஜன்னலோரத்தில் யாரோ கைதட்டினார்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். இந்த மூன்று மாதத்தில் இப்படி நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"எப்போ கண்டுபிடிச்சே?"

"மத்தியானம்தான் மாமா."

"பரவாயில்லை, மூணு மாசம் தாக்குப்பிடிச்சிருக்கேன்." அவர் முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "உன்னைக் கண்டாலே எனக்கு பயம்மா."

"என்னைக் கண்டா?"

"பின்னே? கையைப் பார்க்கறதே உனக்கு வேலை. ஒரு டம்ளரை நீட்டினாக்கூட கண்டுபிடிச்சுடுவியேன்னு பாக்கெட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். கை போச்சுன்னு தெரிஞ்சா இங்கேருந்து எடுத்து, ஏதாவது மூலையில ஸ்டோர் ரூம்ல உட்கார வச்சுடுவாங்க. இந்த விசில் இல்லாம நான் என்னம்மா பண்ணுவேன்?"

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிடிக்காமல் இல்லை! பயம்! இதற்காகவா தலையணை நனைய அழுதோம் என்று இருந்தது.

"கை போகலை மாமா. பார்த்தவரைக்கும் மணிக்கட்டுல நரம்பு நசுங்கற மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடலாம். இதே மாதிரி எத்தனையோ பேர் எங்ககிட்ட வந்து சரியாகிப் போயிருக்காங்க. இத்தனை நாள் என்ன வைத்தியம் பண்ணினீங்க?"

"தைலம் தேய்க்கறேன்."

"அத்தை கடையில வாங்கினதா?"

மாமியார் மருந்துக்கடையில் கவுன்டரைப் பார்ப்பவர். தெருவில் யாருக்குத் தலை வலித்தாலும் அவரிடம்தான் போவார்கள்.

"சேச்சே! எதிர்க் கடையில." மாமனார் குரலைத் தாழ்த்தினார். "உங்க அத்தைக்கு மட்டும் சொல்லிடாதேம்மா. கை வலின்னாகூடத் தாங்கிப்பா. எதிர்க் கடையில வாங்கினேன்னு தெரிஞ்சா என்னை உயிரோட விட மாட்டா. அவளுக்குத் தெரிஞ்சு நான் மாறவே மாறாத ஆளு. அவ அப்படியே நினைச்சுட்டு இருக்கட்டும்."

பிறகு அவர் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். கொஞ்சம் தயங்கினார். மேஜையின் குறுக்கே அவள் பக்கமாக நீட்டினார்.

"பாரும்மா."

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கட்டை விரலின் அடிச்சதை வற்றியிருந்தது. மெதுவாக அழுத்தி, "இங்கே உணர்ச்சி இருக்கா? இங்கே?" என்று கேட்டாள். அவர் குழந்தை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு 'ம்'கூட இல்லை, எல்லாமே முழு வாக்கியம்.

வெளியே அடுத்த வண்டியின் டிரைவர் ஹாரன் அடித்தார். நேரமாகிவிட்டது. இன்னும் விசில் வரவில்லை. மறுபடி அடித்தார்.

மருமகள் கையை விடப் போனாள். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்து, இத்தனை வருஷத்தில் அந்த நிலையம் கேட்டிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"நில்லுப்பா கொஞ்சம். என் மருமக கை பார்த்துட்டு இருக்கா."

இதுவரை வண்டிச் சத்தத்தில் உள்ளே கேட்காமல் இருந்த எதிர்ப் பிளாட்பாரத்து ஒலிபெருக்கியும் அதையே சொன்னது. டிக்கெட் கவுன்டர் மேலிருந்த ஒலிபெருக்கியும் சொன்னது.

இருவரும் ஒரே நேரத்தில் மேஜையைப் பார்த்தார்கள். மைக்கின் சுவிட்சைக் கட்டை விரலால் கீழே தள்ள வேண்டும். தள்ளிவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அறிவிப்பிலிருந்து இதுவரை அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே, ஏற வந்தவர்களும் இறங்கியவர்களும் மூட்டையைக்கூட இறக்காமல் அறையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு டிரைவர் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார். கூட்டத்துக்கு நடுவே, சாப்பிடாமல் எழுந்து போனவருக்காகக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்த மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சமாளித்துவிடலாம். கோபம் இல்லை. கேரியரைத் தரையில் வைத்துவிட்டு, தன் கணவரின் வலது கையையே பார்த்துக்கொண்டு அவர் அறையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.